டாக்டரம்மா விட்டுவைத்த சில்லு

மரச்சட்டத்தில் ஆணி கோணலாக இறங்கிவிட்டால் மேஸ்திரிக்குக் கை நமைக்கும். அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு வேறு ஆணி அடித்தால்தான் அடுத்த பேச்சு. கடைகளுக்கும் வீடுகளுக்கும் மேற்கூரைக்கு அடியில் சீலிங் போடுவது அவர் தொழில். இடுப்பு பெல்ட்டில் ஆணி பிடுங்கும் சுத்தியல் எந்நேரமும் தொங்கிக்கொண்டிருக்கும். அன்றைக்குக் காலையில் அவர் கை முதலில் தேடியதும் அந்தச் சுத்தியலைத்தான். ஆனால் ஆணி இருந்தது மரத்தில் இல்லை, தங்கச்சி புருஷன் தலையில்.

தங்கச்சி புருஷனுக்கு வேலையிடத்தில் ரேடியோ என்று பேர். ஏணியில் ஏறும்போது ஆரம்பிக்கிற பேச்சு இறங்கினாலும் நிற்காது. பக்கத்து வீட்டு நாய் ராத்திரி யாரைப் பார்த்துக் குரைத்தது, கனவில் தான் எந்த ஊருக்கு விமானம் ஓட்டினான், எல்லாம் வரும். துணிக்கடை ஒன்றுக்குச் சட்டம் அடித்துக்கொண்டிருந்த அன்றும் அப்படித்தான்.

"மாப்ள, ரெண்டு ஆணிய வாய்ல கவ்விக்கிட்டு வேலை பாரேன். அப்பவாவது கொஞ்ச நேரம் மூடியிருக்கும்," என்றார் மேஸ்திரி கீழேயிருந்து.

"வாயில ஆணி இருந்தா மூக்கால பேசுவேன் மச்சான். உங்க தங்கச்சிகிட்ட கேட்டுப் பாருங்க, தூக்கத்துலயும் நான் லைவ்தான்."

சொல்லி வாய் மூடவில்லை. அவன் கையில் இருந்தது காற்றழுத்தத்தில் ஆணி அடிக்கிற துப்பாக்கி. விசையைப் பிடித்திருக்கும்போது முனை எதிலாவது அழுந்தினால் சுடும். அது மரத்தில் ஒரு கெட்டிக் கணுவில் பட்டுத் துள்ளியது. விசையிலிருந்து விரலை எடுக்கவில்லை அவன். துள்ளிய வேகத்தில் முனை அவன் தலையில் இடித்தது. 'டப்' என்று இன்னொரு சத்தம்.

ரேடியோ விழவில்லை. தானாகவே ஏணியில் இறங்கி வந்தான். "ஏதோ இடிச்சிருச்சு மச்சான்," என்று இடது காதுக்கு மேலே தடவினான். முடிக்குள் வட்டமாக, பளபளவென்று ஒன்று தெரிந்தது. மூன்றங்குல ஆணியின் தலை அது. ஒரு நூல் அளவுக்குத்தான் ரத்தம். மேஸ்திரி அவன் தோளைப் பிடித்தார்.

"உக்காரு மாப்ள. அசையாத."

"எனக்கு ஒண்ணுமில்ல. அந்தக் கரண்டிய நல்லாப் பிடிச்சு வைங்க, யாராவது விழுந்துரப் போறாங்க." ஏணியைக் காட்டி அவன் கரண்டி என்றான். அவனுக்கே அது தெரியவில்லை. அடுத்து என்னவோ சொன்னான், ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. தெரிந்த குரல், தெரிந்த ராகம், ஆனால் உள்ளே வார்த்தை இல்லை.

அந்த நிமிஷத்தில்தான் மேஸ்திரியின் கை சுத்தியலுக்குப் போனது. தப்பான இடத்தில் ஆணி, பிடுங்க வேண்டும், அவ்வளவுதான் அவர் மூளைக்குத் தோன்றியது. சுத்தியலின் பிளவை ஆணித் தலைக்குப் பக்கத்தில் கொண்டுபோயும் விட்டார். கடைக்காரர் அதற்குள் ஆம்புலன்ஸுக்கு அடித்து போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார். இவர் செய்யப்போவதைப் பார்த்து, "ஐயோ, பிடுங்கப் போறாரு!" என்று கத்தினார்.

"யாரும் அந்த ஆணியத் தொடாதீங்க!" போனில் இருந்த பெண் போட்ட சத்தத்தில் மேஸ்திரி அப்படியே நின்றார். "தொட்டா ஆள் பிழைக்க மாட்டாரு. சாய்ஞ்சு உக்கார வைங்க, தலை ஆடாமப் பாத்துக்கங்க. வண்டி வந்துக்கிட்டே இருக்கு."

சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, மாப்பிள்ளையின் தலையை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் ஏந்திக்கொண்டு உட்கார்ந்தார். ஆம்புலன்ஸ் வரும்வரை அந்தக் கைகள் அசையவில்லை.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்து முடித்தபோது தங்கச்சி வந்து சேர்ந்தாள். செருப்பை மாற்றிப் போட்டு வந்திருந்தாள். ஒரு கால் அவளுடையது, இன்னொன்று அவனுடையது. "அண்ணே, நீ பக்கத்துலதான இருந்த?" என்று மட்டும் கேட்டாள்.

அவர்களைக் கூப்பிட்டுப் பேசியது தலை ஆபரேஷன் செய்கிற டாக்டரம்மா. குள்ளமான பெண். நரைத்த முடியை இறுக்கிக் கட்டியிருந்தார். பக்கத்தில் விளக்குக் கம்பம் உயரத்துக்கு ஒரு சின்ன டாக்டர். டாக்டரம்மாவின் நரையையும் குள்ளத்தையும் பார்த்து மேஸ்திரிக்கு நம்பிக்கையே வரவில்லை. இந்த அம்மா ஒரு ஸ்டூல் போட்டு ஏறினால்தானே நோயாளி தலையே எட்டும் என்று நினைத்தார். அப்படி நினைத்ததற்குப் பிற்பாடு நிறைய வெட்கப்பட்டார்.

"மேடம், ஒரு ஆணிதானே," என்றார். "மயக்க மருந்து குடுத்துப் பிடுங்கிட்டா வேலை முடிஞ்சுதே. எதுக்கு இவ்வளவு படம்?"

டாக்டரம்மா கோபப்படவில்லை. கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கம் திருப்பினார். மூளையின் சாம்பல் நிறத்துக்குள் ஆணி வெள்ளையாகச் சாய்ந்து நின்றது.

"இதோ வளைஞ்சு போகுதே ஒரு கோடு, இது ரத்தக்குழாய். மருந்து ஏத்தி எடுத்த படம், அதான் இவ்வளவு தெளிவா தெரியுது. ஆணி அத உரசிக்கிட்டு நிக்குது. கிழிச்சும் இருக்கலாம். கிழிஞ்ச ஓட்டைய இப்ப அடைச்சு வச்சிருக்கிறதே ஆணியாத்தான் இருக்கும். நீங்க கண்ணை மூடிக்கிட்டுப் பிடுங்கினா உள்ள ரத்தம் கொட்டும், அத நிறுத்த உங்க கையில என்ன இருக்கும்?"

மேஸ்திரி திரையிலிருந்து கண்ணை எடுத்துத் தன் உள்ளங்கையைப் பார்த்தார். சுத்தியலின் பிளவு எவ்வளவு பக்கத்தில் போனது என்று அவருக்கு மட்டும்தானே தெரியும்.

"நான் பண்ணப்போறது வேற. ஆணியத் தொடாம அதச் சுத்தி எலும்ப வெட்டி எடுப்பேன். மூளை கண்ணுக்குத் தெரியணும். ரத்தக்குழாய்க்கு மேலயும் கீழயும் என் பிடி இருக்கணும். அதுக்கப்புறம்தான் ஆணி."

தங்கச்சி கேட்டாள்: "பேசுவாரா டாக்டர்?"

உயிரோடு வருவாரா என்று அவள் கேட்கவில்லை. டாக்டரம்மா அவளையே பார்த்தார்.

"உயிர் விஷயத்துல எனக்கு நம்பிக்கை இருக்கும்மா. பேச்சு பத்தி இப்ப சொல்ல முடியாது. ஆணி நிக்கிறது பேச்சுக்கான இடத்துக்குப் பக்கத்துல. பேசுவாருன்னு வாக்குக் குடுத்தா அது பொய். ஆனா ஒண்ணுக்கு வாக்குக் குடுக்குறேன். அந்த இடத்துல தேவையில்லாம நான் கை வைக்க மாட்டேன்."

உள்ளே போய்விட்டார். வெளியே பெஞ்சில் தங்கச்சி போனைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவன் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்கள். ஒரு தக்காளி வாங்கி வரச் சொன்னால் அதற்கு அவன் அனுப்பும் பதில் ஒரு சினிமா நீளம் இருக்கும். இத்தனை நாளும் அவள் முதல் வரியைக் கேட்டுவிட்டு மூடிவிடுவாள். இப்போது ஒவ்வொன்றையும் கடைசிவரை கேட்டாள்.

"பாதி நேரம் அவர் என்ன சொல்லியிருக்காருன்னே நான் கேக்கலண்ணே," என்றாள்.

"யாருதான் கேட்டோம்?" என்றார் மேஸ்திரி.

உள்ளே நடந்ததை ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ் ஒருத்தி பிற்பாடு அவருக்குச் சொன்னாள். டாக்டரம்மா பேச்சை எடுத்தாலே அவளுக்கு முகம் மலர்ந்துவிடும். அவள் சொன்னதை மேஸ்திரி மனசுக்குள் எத்தனை முறை ஓட்டிப் பார்த்தார் என்று கணக்கில்லை.

தலையை முள் வைத்த இரும்புப் பிடியில் பூட்டி, முடியை மழித்தார்களாம். மேலே துணி விரிக்கும்போதுகூட ஆணியில் உரசக் கூடாது என்று டாக்டரம்மா தன் கையாலேயே விரித்தாராம். தோலை வளைவாகத் திறந்து மடித்து வைத்தார். ஆணியைச் சுற்றி எலும்பில் ஒரு சின்ன வட்டம் அறுத்தார். அதற்கு வெளியே இன்னொரு பெரிய வட்டம். இரண்டுக்கும் நடுவில் இருந்த எலும்பு முதலில் வெளியே வந்தது. ஆணி மட்டும் ஒரு காசு அளவு எலும்போடு தனியாக நின்றது.

"அப்பவும் அவங்க ஆணியத் தொடல," என்றாள் நர்ஸ். "மைக்ரோஸ்கோப்ப இறக்கி, மூளை மேல இருக்கிற உறையத் திறந்து, அந்த ரத்தக்குழாயத் தேடிப் பிடிச்சாங்க. மேல ஒரு எடம், கீழ ஒரு எடம். ரெண்டுலயும் குட்டி கிளிப் மாட்டத் தயாரா வச்சுக்கிட்டு, மயக்க டாக்டரப் பாத்து, 'நான் ரெடி, நீங்க?'ன்னாங்க. யாரும் மூச்சு விடலண்ணே. உள்ள போன அதே கோட்டுல, திருகாம, ஆட்டாம எடுத்தாங்க. இழுத்த மாதிரியே தெரியல."

"ரத்தம் வந்துச்சா?"

"குபுக்னு வந்துச்சு. சின்ன டாக்டர் முகம் வெளுத்துப் போச்சு. அந்தம்மா கண் இமைக்கல. ரெண்டு கிளிப், நின்னுருச்சு. முடிய விட மெல்லிசான நூல்ல குழாயத் தைச்சு, கிளிப்ப எடுத்துட்டாங்க. ஆணியோட உள்ள போயிருந்த முடி, அழுக்கு, எலும்புப் பொடி எல்லாத்தையும் தண்ணிய விட்டு விட்டுக் கழுவுனாங்க. அவரோட மண்டைத்தோலுக்கு அடியில இருக்கிற சவ்வையே கொஞ்சம் வெட்டி, உறையில ஒட்டுப் போட்டாங்க."

ஒட்டுப் போட்டதும், மயக்க டாக்டரிடம் நெஞ்சுக்குள் காற்றின் அழுத்தத்தை ஏற்றச் சொன்னாராம். தையல் வழியாக மூளை நீர் கசிகிறதா என்று பார்க்க. பஞ்சர் ஒட்டிய ட்யூபைத் தண்ணீரில் முக்கிப் பார்ப்பது போல. ஒரு இடத்தில் முத்தாக ஒரு சொட்டு. அங்கே இன்னொரு தையல். மறுபடி அழுத்தம். சுத்தமாகக் காய்ந்திருந்தது. அதற்குப் பிறகுதான் எலும்பை மூடினார்கள். இந்த இடத்தைக் கேட்கும்போதெல்லாம் மேஸ்திரிக்கு உடம்பு சிலிர்க்கும். வேலையை முடித்துவிட்டுத் தானே அதில் குறை தேடுகிற ஆளைக் கண்டால் அவருக்கு மரியாதை பொத்துக்கொண்டு வரும்.

ஆனால் இதெல்லாம் பிற்பாடு. அன்றைக்கு டாக்டரம்மா வெளியே வந்து சொன்னது அவருக்குப் பிடிக்கவே இல்லை.

"ஆணி வந்துருச்சு. ரத்தக்குழாயச் சரிபண்ணியாச்சு," என்றார். நின்றே வேலை செய்ததில் ஒரு காலை மாற்றி ஒரு காலை ஊன்றினார். "ஒரு விஷயம் உங்களுக்குத் தெரியணும். ஆணி போன வேகத்துல ஒரு எலும்புச் சில்லு ஆழமாப் போயிருச்சு. அரிசி அளவுதான். அத எடுக்கல."

"எடுக்கலையா?" மேஸ்திரிக்குக் குரல் உயர்ந்துவிட்டது. "தலையத் திறந்து வச்சுக்கிட்டு எடுக்காம மூடிட்டீங்களா? நான் மரத்துல ஒரு ஒடிஞ்ச ஆணிய விட்டா, அடுத்து ரம்பம் போடுறவன் என்னத் திட்டுவான் மேடம். இது மனுஷன் தலை!"

"அண்ணே," என்று தங்கச்சி அவர் சட்டையைப் பிடித்தாள்.

"விடும்மா, கேக்கட்டும்." டாக்டரம்மா சுவரில் சாய்ந்துகொண்டார். "அந்தச் சில்லு இருக்கிறது பேச்சுக்கான எடத்துக்குள்ள. அதுவரைக்கும் போகணும்னா நல்லா இருக்கிற மூளையக் கிழிச்சுக்கிட்டுத்தான் போகணும். முன்னெல்லாம் ஒண்ணு விடாம தேடிப் பொறுக்குவாங்க. படத்துல சுத்தமா இருக்கும், ஆள் எந்திரிச்சு ஒரு வார்த்தை பேச மாட்டாரு. கைக்கு எட்டினத எல்லாம் எடுத்துட்டேன். அதுக்கு மேல போறது வேலையில்ல, பேராசை."

"சீழ் பிடிச்சா?"

"பிடிக்கலாம். அதுக்கு மருந்து போகுது. பிடிச்சா அப்ப திறப்பேன்."

மேஸ்திரி வாயை மூடிக்கொண்டார். மனசு மூடவில்லை. அரிசி அளவு சில்லு ஒன்று அவர் தலைக்குள்ளேயே புகுந்துகொண்ட மாதிரி இருந்தது.

ரேடியோ கண் திறந்தான். சொன்னால் கையைத் தூக்கினான், காலை மடக்கினான். பேசவில்லை. தங்கச்சி பக்கத்தில் உட்கார்ந்து, தக்காளி விலையிலிருந்து பக்கத்து வீட்டு நாய்வரைக்கும் தானே பேசினாள். அவன் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு காய்ச்சல் வந்தது. நெருப்பாகக் கொதித்தது உடம்பு. சின்ன டாக்டர் கைகளைப் பிசைந்துகொண்டு, "சில்லுதான் காரணமா இருக்கும். மறுபடி திறக்க வேண்டியிருக்கும்னு நினைக்கிறேன்," என்று சொன்னதுதான் தாமதம், மேஸ்திரி வராண்டாவிலேயே டாக்டரம்மாவை மறித்துவிட்டார்.

"அன்னிக்கே சொன்னேன் மேடம்! எடுத்திருந்தா இது வருமா? இப்பவாவது எடுத்துருங்க. எங்க கையெழுத்து வேணும்னாலும் போடுறோம்."

"முதல்ல பாப்போம்," என்றார் அவர். "வழிய விடுங்க."

மேஸ்திரி பின்னாலேயே போனார். அந்த அம்மா அவசரப்படவே இல்லை. கட்டைப் பிரித்துத் தையலை விரலால் அழுத்திப் பார்த்தார். காய்ந்து சுத்தமாக இருந்தது. கழுத்துக்கு அடியில் கை கொடுத்து மெதுவாகத் தலையைத் தூக்கினார். விறைப்பு இல்லை. ஸ்கேனுக்கு அனுப்பினார். சில்லு இருந்த இடத்திலேயே கிடந்தது, சுற்றி வீக்கம் இல்லை. முதுகிலிருந்து நீர் எடுத்துப் பரிசோதித்தார்கள். அதிலும் சீழ் இல்லை.

"அப்புறம் எங்கிருந்து மேடம் காய்ச்சல்?" என்றார் சின்ன டாக்டர். "தலையத் திறந்து பாத்துருவமே. நிச்சயமாத் தெரிஞ்சுக்கலாம்."

"தெரியலங்கிறதுக்காகத் தலையத் திறக்கக் கூடாது தம்பி. எல்லாரும் அவர் தலையையே பாத்துக்கிட்டு இருக்கோம். தலைக்குக் கீழயும் ஒரு ஆள் இருக்காரு."

போர்வையை விலக்கினார். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டார். வயிற்றை அழுத்தினார். காலை அமுக்கிப் பார்த்தார். பிறகு மருந்து ஏறுகிற வலது கையைத் தூக்கி, ஊசியை ஒட்டியிருந்த பிளாஸ்டரைப் பொறுமையாக உரித்தார். அடியில் தோல் செக்கச் செவேலென்று இருந்தது. நரம்பு கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு முழங்கைவரை ஓடியது. தொட்டதும் ரேடியோ முகத்தைச் சுளித்தான்.

"இங்க இருக்கு," என்றார் டாக்டரம்மா.

ஊசியைக் கழற்றி மறுகையில் போட்டார்கள். மருந்தை மாற்றினார்கள். காய்ச்சல் விட்டது.

மேஸ்திரி வார்டுக்கு வெளியே சுவர் ஓரமாக நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டார். இத்தனை பேரும் பிடித்துத் தள்ளியும், தான் உள்பட, அந்தக் குள்ள அம்மா தன் கையைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். ஆணியை எடுத்தது கெட்டிக்காரத்தனம் என்றால், இது என்ன? அவருக்கு அதற்கு ஒரு பேர் தெரியவில்லை. டாக்டரம்மா வெளியே வந்தபோது, "மேடம், நான் அன்னிக்குக் கத்தினது..." என்று ஆரம்பித்தார்.

"உங்க மாப்பிள்ளைக்காகத்தானே கத்தினீங்க. போய் ஏதாவது சாப்பிடுங்க. உங்களப் பாத்தா அடுத்த பேஷன்ட் நீங்கதான்னு தோணுது."

பேச்சு மட்டும் வரவில்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் தினமும் வந்து சாவி, பேனா, கைக்கடிகாரம் என்று காட்டினாள். ரேடியோவின் உதடு அசையும், தொண்டை ஏறி இறங்கும், காற்றுதான் வரும். கோபத்தில் ஒரு நாள் பேனாவைத் தட்டிவிட்டான். தங்கச்சி பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதுவிட்டு வந்தாள்.

ஒரு நாள் சாயங்காலம் டாக்டரம்மா வந்தபோது வார்டில் எல்லோரும் இருந்தார்கள். அன்றைக்கும் பெரிய ஆபரேஷன் ஒன்றை முடித்துவிட்டு வந்திருந்தார். கட்டில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே தையலைப் பார்த்தார், கையைப் பார்த்தார். ரேடியோ அவரையே கவனித்துக்கொண்டிருந்தான். திடீரென்று கையை நீட்டி எதையோ காட்டினான்.

"உ..." என்றான்.

தங்கச்சி பாய்ந்தாள். "தண்ணியா? தண்ணி வேணுமா?"

அவன் இல்லை என்று தலையை ஆட்டினான். "உ... க்..."

"மாப்ள, ஒண்ணுக்கு வருதா? நர்ஸ், அந்தப் பாத்திரத்த எடுங்கம்மா!"

"உள்ள வலிக்குதா சார்?" என்றார் சின்ன டாக்டர்.

"எல்லாரும் கொஞ்சம் சும்மா இருங்க," என்றார் டாக்டரம்மா. குரல் உயரவில்லை, ஆனாலும் வார்டே அடங்கிவிட்டது. "யாரும் எடுத்துக் குடுக்காதீங்க. அவரே தேடட்டும்."

எடுத்துக் கொடுக்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று மேஸ்திரிக்கு அப்போதுதான் தெரிந்தது. வார்த்தை மாப்பிள்ளையின் நாக்கு நுனியில் நிற்பது கண்ணுக்கே தெரிந்தது. நெற்றியில் வேர்வை முத்து முத்தாக வந்தது. தங்கச்சி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். மேஸ்திரி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டி, ஒன்றை ஒன்றால் இறுக்கிப் பிடித்தார்.

ரேடியோவின் விரல் கட்டிலுக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்த நாற்காலியைக் காட்டிக்கொண்டே இருந்தது.

"உக்... உக்கா... ருங்க," என்றான். மூச்சு வாங்கினான். இன்னும் முடியவில்லை என்பது போல் கையைக் காட்டி நிறுத்தினான். "ரொம்ப... நேரமா... நிக்... கிறீங்க."

டாக்டரம்மாவுக்கு அடுத்த வார்டில் இன்னொரு நோயாளி காத்துக்கொண்டிருந்தார். சின்ன டாக்டர் கையில் பைலோடு கதவைப் பார்த்தார். அந்த அம்மா நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"உக்காந்துட்டேன்," என்றார். "இப்ப சொல்லுங்க."

ரேடியோ அடுத்த வார்த்தையைத் தேட ஆரம்பித்தான்.